கசின் என்று ஒரு சொல்

பென்டில் ஹில் ஸ்டேஷனில் டிக்கெட் தருபவர் என்னை 'மேட்' என்கிறார். வேலைத்தலத்தில் கிரேன் ஓட்டுபவரும், தெருவில் என்மேல் இடித்துவிட்டுப் போகிறவரும் அப்படியே அழைக்கிறார்கள். முன்பின் தெரியாதவனைக் கூட்டாளியாக்க இந்த நாட்டுக்கு ஒரு விநாடி போதும். என் தங்கச்சியைத் தங்கச்சி என்று நான் சொன்னால்தான் நம்பமாட்டார்கள்.

வசந்தி என் சின்னம்மாவின் மகள். அதாவது என் தாயின் தங்கைக்குப் பிறந்தவள். ஒரே வீட்டில், ஒரே குசினியில் சாப்பிட்டு வளர்ந்தோம். அவள் எனக்குத் தங்கச்சி, நான் அவளுக்கு அண்ணா. அந்த உறவில் கூப்பிட எங்களிடம் வேறு சொல் இல்லை. எழுபத்தேழாம் ஆண்டு தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கண்டியில் அவள் குடியிருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். உடுத்த சேலையோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள். சின்னம்மாவும் சித்தப்பாவும் அப்போது உயிரோடு இல்லை. இங்கே கூப்பிட்டுவிடுவோம் என்று பின்னறைக்கு வெள்ளை பூசி, கட்டிலும் வாங்கிப் போட்டேன்.

குடிவரவுக் கந்தோரில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நான் அழைக்க விரும்புவது யாரை என்று கேட்டார். "மை சிஸ்டர்" என்றேன். அவளுடைய தகப்பன் பெயரைக் கேட்டார், சொன்னேன். என் தகப்பன் பெயரைக் கேட்டார், அதையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இரண்டு தகப்பன்மாரா?"

"ஓம்... யெஸ். அவளின் தாய் எனக்குச் சின்னம்மா. ஸ்மோல் மதர்."

"உங்களுக்கு எத்தனை தாய்மார்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இவர் உங்கள் கசின். கசின் குடும்பத்தில் சேராது. ஏன் பொய் சொன்னீர்கள்?"

எனக்கு முகம் கொதித்தது. பொய்யா? பிறந்த நாளிலிருந்து சொல்லிவந்த சொல் அது. அவள் என்ன தொழில் செய்கிறாள் என்று அடுத்துக் கேட்டார். தமிழ் படிப்பிக்கிறாள் என்றேன். அது எங்களுக்குத் தேவையான தொழில் இல்லை என்றார். நான் எழும்பியபோது, "உங்களைப்போல என்ஜினியர்கள் ஊரில் இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்" என்றும் சொன்னார்.

இதை வாசிக்கும் ஊர்க்காரர்களே, ஒரு நாடு வருகிற எல்லாரையும் ஏற்க முடியாது என்பது எனக்கும் விளங்கும். தொழில் தெரிந்தவர் எத்தனை பேர், உறவினர் எத்தனை பேர் என்று நிறுத்துப் பார்க்கட்டும். ஆனால் எனக்கு யார் உறவு என்று தீர்மானிக்க இவர்கள் யார்? பாலம் கட்ட என் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஒரு வீடே நிற்கிறது என்பது மட்டும் இவர்களுக்கு வேண்டாம். வசந்திக்கு இதை எப்படி எழுதுவேன்? 'நீ என் தங்கச்சி இல்லையாம்' என்றா? இரண்டு கிழமை பேனாவைத் தொடவில்லை.

இதற்கிடையில் எங்கள் கம்பனி கொழும்பிலிருந்து ஒரு என்ஜினியரை எடுத்தது. பெயர் ரவீந்திரன், அவனும் யாழ்ப்பாணத்தான். வீடு கிடைக்கும்வரை அவனை வைத்திருக்க முடியுமா என்று மேலாளர் கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து பின்னறையைக் காட்டினேன். சுற்றிப் பார்த்தான்.

"புது அறை மாதிரிக் கிடக்கு. ஆருக்கு அண்ணை?"

"தங்கச்சிக்கு."

"அவா எங்கை?"

"யாழ்ப்பாணத்திலை. விடமாட்டாங்களாம்."

"உங்கட சொந்தத் தங்கச்சியோ?"

அவன்மேல் பிழையில்லை. ஊரிலும் அப்படிக் கேட்பதுண்டு. ஆனாலும் அவனை அந்த இடத்திலேயே வெளியே தள்ளவேண்டும் போலிருந்தது.

"ஓம், சொந்தத் தங்கச்சிதான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவன் ஒன்றும் விளங்காமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வசந்தியின் கட்டிலில் படுத்துக்கொண்டான்.