பொறுமைசாலி என்றொரு வரி

ஜூலை மாதம், இரண்டாம் வெள்ளி, காலை: ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றில் என் மனைவி இறந்தாள். காரணம், இதயச் செயலிழப்பு. சனிக்கிழமை தகனம். ஞாயிறன்று அஸ்தி கடலில் கரைக்கப்பட்டது.

பதினாறாம் நாள் சடங்கில் வாசிக்க ஆங்கிலத்தில் ஓர் அஞ்சலியுரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மெல்பர்னில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது; பாட்டியை விடுமுறைகளில் மட்டுமே கண்டவர்கள். அந்த ஒரு பக்கம் தவறினால், அவர்களுக்கு அவள் சுவரில் மாட்டிய படமாகத்தான் மிஞ்சுவாள்.

அன்பானவள், தாராளமானவள், பொறுமைசாலி என்று, வரிக்கு ஓர் ஆங்கில 'வாஸ்' (was) வைத்து முதல் வரைவை முடித்தேன். மகள் படித்தாள்.

"என்னப்பா இது? யாரு செத்தாலும் இதையே வாசிக்கலாம் லா. அம்மா எங்க?"

ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அறிவிக்காதே, என்ன செய்தார் என்று காட்டு; 'இஸ்', 'வாஸ்' இரண்டையும் அடித்துவிட்டு உயிருள்ள வினைச்சொல்லைத் தேடு என்று கல்லூரியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். மீண்டும் உட்கார்ந்தேன். 'தாராளமானவள்' எளிதாகவே மாறியது: பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத பெண்ணின் கையில் குடையைத் திணித்தாள், நனைந்து வீடு வந்து, அழைத்துப்போக வராததற்கு என்னைத் திட்டினாள். 'பொறுமைசாலி'க்கு மட்டும் ஒரு வினையும் அகப்படவில்லை. மைத்துனியிடம் கேட்டேன்.

"பொறுமையா? அக்காவா?" காப்பி புரையேறிவிட்டது அவளுக்கு. "பச்சை லைட் விழுறதுக்கு முன்னாடியே ஹாரன் அடிக்கிற ஆளு, அத்தான்! பாசார்ல, மீன் சந்தையில, அக்கா தலையைக் கண்டாலே மீன்காரன் தானாச் செவுளைத் தூக்கிக் காட்டுவான்!"

துக்கம் விசாரிக்க வந்த அனைவரும் அவள் பொறுமையைப் புகழ்ந்தார்கள், நானும் தலையசைத்தேன். நான் அறியாத ஒரு சாந்தமான பெண்மணிக்காக இரண்டு வாரம் துக்கம் அனுசரித்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன். சாந்தமானவள் போய்விட்டாள், என்னுடன் வாழ்ந்தவள் திரும்பினாள்.

மண்டபத்தில் ஹாரன் அடித்ததையும் மீன்காரரையும் வாசித்தபோது பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகுதான் அழுதாள். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "பாட்டி வேறு என்னவெல்லாம் செய்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இன்னும் செய்யாதவை:
அவளுடைய ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பது.
மூக்குக் கண்ணாடியை யாருக்காவது தருவது.
பேத்திக்குப் பதில் எழுதுவது. ஒரு பக்கம் போதாது.