வாசற்படி தாண்டிய ஷூ

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு நேற்று எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஒரு ஜோடி ஷூ, ஓரிரவுக்கு மட்டும், வாசற்படியைத் தாண்டி உள்ளே வரலாம்.

மகளின் யு.கே.ஜி. மிஸ் உலகப் பண்டிகைகள் பாடம் நடத்துகிறார். நெதர்லாந்தில் டிசம்பர் மாதம் பிள்ளைகள் ராத்திரி ஷூவை வாசலில் வைத்துவிட்டுத் தூங்குவார்களாம். ஒரு தாடிக்காரர் வந்து அதில் மிட்டாய் போட்டுவிட்டுப் போவாராம்.

மகளுக்கு ஒரே கவலை. "அப்பா, நம்ம ஷூ தினமும் வாசல்லதானே கிடக்கு. மிட்டாய்க்கு வெச்சதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

மதங்களின் வரலாறு பற்றி என்னிடம் ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. எதிலும் பதில் இல்லை.

அவளே தீர்ப்புச் சொன்னாள். "உள்ள வெச்சாத்தான் அவருக்குப் புரியும்."

"செருப்பு உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றாள் மனைவி. பிறகு அவளே பேப்பர் விரித்தாள்.

இன்று காலை ஷூ நிறையக் கடலைமிட்டாய். எங்கள் பகுதியான கராச்சர்மா முழுக்கக் கேட்கும்படி மகள் கத்தினாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு தாஸ் அங்கிள் கதவைத் தட்டினார். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் வேலை பார்ப்பவர். முழங்கால் உயர கம் பூட்ஸை மகளிடம் நீட்டி, "பேட்டி, மேரா பி அந்தர் ரக் தோ" என்றார் இந்தியில். அவருடையதையும் உள்ளே வைக்க வேண்டுமாம்.

மகள் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தெருமுனைக் கடையில் கடலைமிட்டாய் தீர்ந்துவிட்டது. எங்கள் தீவுக்கு மெயின்லேண்ட் சரக்குக் கப்பல் இனி வியாழக்கிழமைதான் வரும்.