மணல் சட்டியில் சுட்ட பூவன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சர்க்கரைக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். என் கணவர் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு மட்டும் கல்யாணமான நாள் முதலே ரேஷன்தான். நாலு வருஷத்தில் நான் சமைத்த எதையும் அவர் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லிக் கேட்டதில்லை. போட்டதைச் சாப்பிடுவார், கையலம்புவார், போய்விடுவார். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள் பேசும். அவருக்கு அதுவும் காதில் விழாது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அவருக்கு ஆற்றுக்கு அக்கரையில், திருச்சியில், ரயில் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். எங்களுக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. அந்த உத்தியோகம்தான் எல்லாம்.

அந்த வருஷம் அவருக்கு டைபாய்டு வந்தது. இருபத்தெட்டு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது கட்டிலில் ஆள் இருப்பதே போர்வைக்கு மேல் தெரியவில்லை. ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. லீவு முடிகிற திங்கட்கிழமை ஆபீஸ் டாக்டரிடம் போய் நிற்க வேண்டும், அவர் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அவருடைய இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தவரே நிரந்தரமாகிவிடுவார். அந்த டாக்டரின் அறை மாடியில் இருந்தது. நோயிலிருந்து எழுந்து வருகிறவர்கள் படியேறி வருவதை அவர் மேலே நின்று பார்ப்பாராம். பாதிப் படியில் உட்கார்ந்தவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாராம். எங்களுக்கு இருந்தது பதினாறு நாள்.

மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜட்காவில் வந்து வைத்தியம் பார்த்த எங்கள் டாக்டர், கடைசியாக வந்த அன்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "குழைஞ்ச சாதம் குடுங்கம்மா. எண்ணெய், நெய், காரம் எதுவும் இன்னும் ஒரு மாசத்துக்கு ஆகாது. மத்தியானம் மூணு மணிக்குப் பழம் குடுங்க. ஆனா பச்சையா வேண்டாம். வெள்ளைக்காரங்க ஆப்பிளை அடுப்புல வச்சு பேக் பண்ணிக் குடுப்பாங்க, குடலுக்கு நல்லது."

"ஆப்பிளை நான் கண்ணால பாத்ததே இல்லையே" என்றேன்.

"உங்க ஊர்ல வாழைப்பழத்துக்கா பஞ்சம்? அதைச் சுட்டுக் குடுங்க. இன்னொண்ணு, அவர் சாப்பிட்ட இலையில நீங்க சாப்பிடக் கூடாது. கண்டிப்பா கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாழைப்பழத்தை எப்படிச் சுடுவது? தணலில் நேரே போட்டால் தோல் கரிந்தது, உள்ளே பச்சையாகவே இருந்தது. தோசைக்கல்லில் வைத்தால் எண்ணெய் கேட்டது. இரண்டு சீப்புப் பழம் பாழான பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆற்றுமணலைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். இருப்புச்சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு அதைப் பரப்பிக் குமுட்டி அடுப்பில் ஏற்றினேன். மணல் நன்றாகச் சூடானதும் அதன்மேல் ஒரு பித்தளைத் தட்டு. நன்றாகப் பழுத்து, ஆனால் தொட்டால் குழையாத பூவன் பழம் இரண்டை எடுத்து, தோலோடு ஒரு பக்கம் மட்டும் கீறி, உள்ளே நாலு உலர்ந்த திராட்சையைச் செருகி, வாழையிலையில் சுற்றி நாரால் கட்டித் தட்டில் வைத்தேன். மேலே மூடி, மூடியின் மேல் நாலைந்து தணல். அரைமணி நேரத்தில் இலை பழுப்பாகித் தோல் கறுத்திருந்தது. உரித்தால் பழம் தேன் நிறத்தில் தளதளவென்று வந்தது. ஒரு பொட்டு நெய்யில்லை, சர்க்கரையில்லை. நானே என்னை மெச்சிக்கொண்டேன், மெச்ச வேறு ஆள் கிடையாதே.

அதோடு விட்டிருக்கலாம். வாழைப்பழம் வாயு, படுத்துக் கிடக்கிறவருக்குச் சுக்கு சேர்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அலமாரியில் பித்தளைச் சம்படத்தில் சுக்குப்பொடி இடித்து வைத்திருந்தேன். கீறலுக்குள் இரண்டு சிட்டிகை தூவினேன்.

எங்கள் வீடுகளில் சமைக்கிறவர்கள் ருசி பார்க்கக் கூடாது. தளிகை முதலில் பெருமாளுக்கு. அவர் கண்டருளி அமுது செய்த பிறகுதான் அது மனிதர்களுக்கு. உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது இருக்கட்டும், மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்ப்பதுகூடத் தப்பு. கண்ணும் கையும் சொல்கிற அளவுதான். என் கணவர் படுத்திருந்ததால் காலையில் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்ய எதிர்வீட்டு மாமா வந்து போவார். மூன்று மணிப் பழத்தை நானே பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து, துளசி ஒன்றைக் கிள்ளிப் போட்டு, சேவித்துவிட்டு அவரிடம் கொண்டுபோவேன்.

மற்ற நாளாக இருந்தால் அவர் சாப்பிட்ட இலையில் நான் உட்கார்வேன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அங்கேதான் எனக்குத் தெரியவரும். இப்போது அதற்கும் டாக்டர் தடை போட்டிருந்தார். பழமும் அவருக்கென்று எண்ணி இரண்டுதான் சுட்டேன். ஆக, நான் சுட்ட பழத்தின் ருசி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெருமாள், இன்னொருவர் என் கணவர்.

முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு விள்ளல் வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மேலே உத்தரத்தைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

இரண்டு பழத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு ராத்திரி கண் விழித்தவளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? அன்று சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரங்கள் பேசியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஆனாலும் தினமும் சுட்டேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வந்து எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். மணலின் உயரத்திலிருந்து தணலின் கணக்கு வரை வாய் ஓயாமல் சொல்லிக் கொடுத்தேன். சுக்குப்பொடிதான் அதில் முக்கியம் என்றும் சொன்னேன்.

அவர் உடம்பு மட்டும் தேறவில்லை. மத்தியானச் சாதம் ஏதோ இறங்கும். மூன்று மணிப் பழத்துக்குப் பிறகு அவருக்கு எதுவும் வேண்டியிருக்காது. ராத்திரி ரசம் சாதத்தை முகத்தருகில் கொண்டுபோனாலே கையைக் காட்டித் தடுப்பார். சாயங்காலம் வீதிமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவேன். மூன்றாவது வீட்டு வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். வீட்டு வாசல்களை எண்ணுவதும் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவதுமாக எனக்குப் பொழுது போயிற்று. மூன்று வாசல் தாண்டாதவர் மாடிப்படி எப்படி ஏறுவார்? பயத்தைக் காட்டத் தெரியாமல் கோபத்தைக் காட்டினேன். "மனசு வச்சுச் சாப்பிட்டாத்தானே ஒட்டும்? விஷத்தை முழுங்கறாப்பல முழுங்கினா எங்கேர்ந்து தேறும்?" என்றேன்.

பதினோராம் நாள் ஏகாதசி. எனக்குச் சாதம் கிடையாது, பழம் சாப்பிடலாம். அடுப்பு எப்படியும் எரிகிறதே என்று அன்றைக்கு நாலு பழமாகச் சுட்டேன். பெருமாளுக்குக் காட்டி, அவருக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு, என் பங்கை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து வெறும் வயிறு. பெரிய விள்ளலாக வாயில் போட்டேன்.

கசப்பு என்று சாதாரணமாகச் சொன்னால் போதாது. நாக்கு தொண்டைக்குள் ஓடி ஒளியப் பார்த்தது. பழம் அழுகலோ என்று மற்றதைக் கடித்தேன். அதுவும் அதே. எழுந்துபோய் அலமாரியில் இருந்த சம்படத்தைத் திறந்து, மடியாவது ஒன்றாவது என்று பொடியை நாக்கில் வைத்தேன். நிலவேம்பு.

அவருக்குக் காய்ச்சல் கண்டபோது துறையூரிலிருந்து என் நாத்தனார் வந்து பத்து நாள் இருந்தார். வரும்போது கஷாயப்பொடி கொண்டுவந்தார். நிலவேம்போடு சுக்கும் மிளகும் சேர்த்து இடித்த பொடி, பார்வைக்குச் சுக்குப்பொடி மாதிரியே பழுப்பாக இருக்கும். சுடும்போது எழுந்த சுக்கு வாசனையும் என்னை ஏமாற்றியது. துறையூர் வரைக்கும் கேட்கும்படி நாத்தனாரைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்றபடி, "கஷாயப்பொடியை முன் தட்டுச் சம்படத்துல போட்டிருக்கேன், சுக்குப்பொடி பின்னாலே இருக்கு" என்று அவர் சொல்லித்தான் போனார். அலமாரியை என்னைக் கேட்காமல் மாற்றினாரே என்ற கடுப்பில் நான் காது கொடுக்கவில்லை. என்னுடைய சுக்குப்பொடி புளிப்பானைக்குப் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஓடினேன். அவர் இரண்டாவது பழத்தில் பாதியில் இருந்தார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"இது கசக்கறதே! பதினோரு நாளா கசக்கறதே! ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முதல் ரெண்டு நாள் என் வாய்தான் கசக்கறதுன்னு நெனச்சேன்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பெருமாள் அமுது செஞ்சுட்டு வந்தது. அவரே ஒண்ணும் சொல்லலை. பிரசாதத்தைக் கசக்கறதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "பெருமாளுக்கு டைபாய்டு வரலை! பெருமாளை எந்த ஆபீஸ் டாக்டரும் மாடிப்படி ஏறிக் காட்டுன்னு சொல்லலை! உங்களைத்தானே சொல்லியிருக்கா! நீங்க விழுந்தா நான் எங்கே போவேன்?" என்று கத்திவிட்டு, கையில் பாதிப் பழத்தோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோபித்துக்கொண்டதற்காக அழுதேன், பயத்தில் அழுதேன், பதினோரு நாள் அந்தக் கசப்பை ஒரு துணுக்கு விடாமல் தின்ற மனுஷனை நினைத்தும் அழுதேன்.

அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாக, "நீ மணலைக் கழுவிக் காயவச்சு, அடுப்படியில உட்கார்ந்து சுட்டுண்டிருந்தியே, அதைப் பாத்துண்டுதானே படுத்திருந்தேன். எப்படிச் சொல்லுவேன்?" என்றார். அவர் அதுவரை என்னிடம் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

மறுநாள் துவாதசி. பொடியே இல்லாமல் இரண்டு பழம் சுட்டேன். பெருமாளுக்கு முன்னால் வைத்தேன். சேவித்து எழுந்ததும், தட்டை அவரிடம் கொண்டுபோகாமல் அங்கேயே ஓர் ஓரத்தை விண்டு வாயில் போட்டுக்கொண்டேன். புருஷன் சாப்பிடுவதற்கு முன்னால் பெண்டாட்டி சாப்பிடுவதாவது! என் அம்மா கண்டிருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். கட்டிலிலிருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் மென்று விழுங்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தித்தித்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டும் போன இடம் தெரியவில்லை. தட்டைக் கீழே வைக்காமல், "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ஓடிப்போய் மறுபடி அடுப்பை மூட்டினேன். அன்று ராத்திரி ரசம் சாதமும் கொஞ்சம் இறங்கியது. அடுத்தடுத்த நாட்களில் நாலு வாசல், ஆறு வாசல் என்று நடந்தார். ஞாயிற்றுக்கிழமை வீதிமுனை வரைக்கும் உட்காராமல் போய்த் திரும்பினார்.

திங்கட்கிழமை ஜட்காவில் அனுப்பிவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். சாயங்காலம் வந்து இறங்கினவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "மாடிப்படி?" என்று கேட்டேன். "கைப்பிடியைப் பிடிச்சுண்டு ஏறினேன். உட்காரலை" என்றார்.

அதன் பிறகு கடைசிவரை எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். பெருமாளுக்கு ஆனதும் முதல் வாய் எனக்கு, அப்புறம்தான் அவருக்கு. அவர் இலை முன்னால் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். விருந்துக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வீதியெல்லாம் சொல்லித் தீர்த்தார்கள். துறையூரிலிருந்து வந்த நாத்தனார்கூட ஒருதரம் நேரிலேயே கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? பெருமாளும் சொல்ல மாட்டார், இவரும் சொல்ல மாட்டார். வீட்டில் யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகவேண்டும்.