போக ஆறரை, வர பதிமூணு

பென்னலூர் லிசாவுக்கு விமானம் என்றால் தலைக்கு மேலே போகிற சத்தம், அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்த கையோடு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தவள். பத்து வருஷமாக அதே லைன். அவள் போன அதிக தூரம் வேளாங்கண்ணி. அதுவும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனது.

அப்படிப்பட்டவளை சூப்பர்வைசர் காவேரி கூப்பிட்டாள். கம்பெனிக்குப் புது மெஷின் வருகிறது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவர் ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டுக்கு ஒரு மாசம் போக வேண்டும். திரும்பி வந்தால் அந்த மெஷினுக்கு அவர்தான் பொறுப்பு.

"உன் பேரைத்தான் நெனச்சிருக்கேன். வீட்ல கேட்டுட்டு நாளைக்குக் காலைல சொல்லிடு. இல்லன்னா வேற ஆளைப் போட்ருவாங்க" என்று சொல்லி, விமான நேரத்தையும் போனில் அனுப்பினாள்.

லிசாவின் புருஷன் ஆபிரகாம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்தான்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஏறி காலைல எட்டரைக்கு எறங்குற. ஆறரை மணி நேரம்! திருநெல்வேலிக்கே ராத்திரி பூரா ஓட்றான் பஸ்ஸு. ஜெர்மனி பக்கத்துலதான் கீது போல. போய்ட்டு வாம்மே!"

லிசாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் விரலால் திரையைத் தள்ளித் திரும்பி வரும் நேரத்தைப் பார்த்தான். முகம் மாறியது.

"காலைல பத்துக்கு ஏறி ராத்திரி பதினொண்ணுக்கு எறங்குற. பதிமூணு மணி நேரம். அதே ரோடுதான?"

"ஆகாசத்துல ஏதுயா ரோடு? உன் ஆட்டோ மாதிரி கைகாட்றவனையெல்லாம் ஏத்திகினு வருதோ இன்னாவோ."

"சிரிக்காத. நடுவுல எங்கியோ எறக்கி வுட்றாங்க. நான் அனுப்ப மாட்டேன்."

அவளுக்கும் கணக்குப் புரியவில்லை. காவேரிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அது அந்தந்த ஊர் மணி லிசா. அவங்க கடிகாரம் நமக்கு மூணரை மணி நேரம் பின்னாடி. போனாலும் வந்தாலும் பறக்கறது சுமார் பத்து மணி நேரம்தான்."

ஆபிரகாம் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே நேரத்துல எப்டி ரெண்டு மணி?"

லிசா கொஞ்சம் யோசித்தாள். "நாங்க ஏ ஷிஃப்ட்டுக்கு ஆறு மணிக்குப் பஞ்ச் பண்றப்ப, அங்க ரெண்டரை. நைட்டு சி ஷிஃப்ட்காரன் கொட்டாவி வுட்டுகினு கீறான். தூரம் அதேதான்யா. பறக்கறது ஒரு ஷிஃப்ட்டு, மேல ரெண்டு மணி நேரம் ஓ.டி. அவ்ளோதான்."

ஓ.டி. என்றதும் அவனுக்கு விளங்கிவிட்டது. விரல் மடக்கிப் பார்த்தான்.

"ஓ.டி. போட்டா, கம்பெனி பஸ்ல நீ வூடு வந்து சேர அதுக்கும் மேலல ஆவுது?"

"ஆவுது."

"அப்ப தெனம் ஜெர்மனி தூரம்தான் போய்கினு கீற."

ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரை இவ்வளவு சின்னதாக யாரும் மடித்துக் கொடுத்ததில்லை.

"அது சரி, ஒரு மாசம் ஷெர்லினுக்குச் சடை யாரு பின்றது?" என்றான் ஆபிரகாம்.

"நீதான். வந்து கத்துக்கோ."

மகள் ஷெர்லின் சீப்போடு ஓடி வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தாள். அவன் வகிடு எடுக்கத் தொடங்கினான். அது நெற்றியிலேயே கோணிக்கொண்டு போனது. லிசா காலைவரை காத்திருக்கவில்லை.

"அக்கா, என் பேரைப் போட்ருங்க" என்றாள் போனில் காவேரியிடம்.

"அப்பா, வலிக்குது!" என்று பின்னால் ஷெர்லின் கத்தினாள்.