புலி வாயில் தடவிய கொழுப்பு

“பன்றிக் கொழுப்பைக் கொண்டுபோய் விளையாட்டுத் திடல் புலி வாயில தடவியிருக்கியே, உனக்கு மூளை இருக்கா? எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் ஏறி விளையாடுற சிலைடி அது!”

“உன் வாயை அடைக்கத்தான்டி தடவினேன்!”

லாய் ஃபன்னும் குவாய் யிங்கும் சண்டை பிடித்தால் ஈப்போவில் எங்கள் அடுக்குமாடி முழுக்கக் கேட்கும். நான் துணி எடுக்கும் சாக்கில் படிக்கட்டு வளைவில் நின்றிருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்: இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் கண்ணால் பார்த்தது.

குவாய் யிங்கின் மகன் வாய் கியோங்குக்குத் தைப்பிங்கில் பெண் பேசி முடித்திருந்தார்கள். கோலாலம்பூரில் அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தியும் கைக்குழந்தையும் உண்டு. எங்கள் மாடியில் அது தெரியாத ஆள் இல்லை. பெண் வீட்டுக்கு மட்டும் தெரியாது.

மார்ச் மாதம் வந்தால், புறம்பேசுகிறவர்கள் வாயைக் கட்ட, சீனக் கோயிலில் காகிதப் புலிக்குக் கொழுப்பு ஊட்டுவார்கள். ஊட்டிய கையோடு எரித்தும் விடுவார்கள். புலி வந்த வழியே போய்விடும். குவாய் யிங்குக்கு வரிசையில் நிற்கப் பொறுமை ஏது? திடலில் ஒரு புலி உயிரோடு இருப்பதுபோல் சும்மாதானே படுத்திருக்கிறது!

சிமெண்டுப் புலியை யார் எரிப்பது?

“இப்பவே தைப்பிங்குக்குப் போன் போடுறேன், பாரு!”

லாய் ஃபன் இறங்கினாள். நானும் பாதி நிறைந்த குப்பைப் பையோடு பின்னால் இறங்கினேன்.

மாலை ஏழேகால். மழை பிடித்துக்கொண்டது. இருவரும் கீழ்த்தளக் கூரையடியில் ஒதுங்கினோம். எதிரே திடலில் மிருகச் சிலைகள்.

யானை நனைந்தது. ஆமை நனைந்தது. ஓராங் ஊத்தான் குரங்கு நனைந்தது.

புலியின் முதுகு மட்டும் காய்ந்திருந்தது...

“ஹலோ, தைப்பிங்கா? உங்க மாப்பிள்ளையைப் பத்தி ஒரு விஷயம்...”

ளப்.

ஏதோ நக்கும் சத்தம்.

ளப்... ளப்...

புலியின் வாய் திறந்திருந்தது. பற்களில் கொழுப்பு மினுங்கியது.

லாய் ஃபன்னின் உதடுகள் அசைந்தன.

சத்தமில்லை.

போனில் மட்டும், “ஹலோ? ஹலோ?”

மருத்துவமனையில் அவள் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அடுத்த வாரம் சிலைகளுக்கு வண்ணம் பூச, அவற்றைச் செய்தவரே வந்தார். புலிக்கு எதற்கு அவ்வளவு பெரிய பல் என்று கேட்டேன்.

“பல்லா? பிள்ளைங்க கை மாட்டிக்கும்னு எல்லாத்துக்கும் வாயை மூடித்தான் செஞ்சேன், அக்கா.”

குனிந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

கல்யாண விருந்தில் பெண்ணின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பக்கத்து வீடாமே அக்கா. பையன் எப்படி? மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். எங்கிருந்தோ பச்சைக் கொழுப்பு நாற்றம்...

மேசைக்கு அடியில்... ளப்.

“தங்கமான பையன்” என்றேன்.

லாய் ஃபன் கம்பாரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டாள். இன்னும் பேச்சில்லை. நாங்கள் பத்து காஜா ஊருக்கு வீடு மாறினோம். வாய் கியோங் தைப்பிங்கிலேயே குடியேறிவிட்டான். வேலை இருக்கிறதென்று அடிக்கடி கோலாலம்பூர் போகிறானாம். அந்தத் தைப்பிங் பெண்தான் பெட்டி அடுக்கிக் கொடுக்கிறாளாம்.