பதிவேட்டில் ஏறாத இடமாற்றம்

பஸ் டெப்போவில் அவரை எல்லோரும் ‘ஸ்டோர்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக உதிரி பாகக் கிடங்கு அவர் பொறுப்பு. ஃபேன் பெல்ட் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அலமாரி, தட்டு, பெட்டி என்று எண் மாறாமல் சொல்வார். கிடங்கு வாசலில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் ஒன்று உண்டு: ‘பதிவேட்டில் எழுதாமல் எதையும் நகர்த்தாதே.’

ஒருமுறை காய்ச்சல் வந்து நாலு நாள் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் இடம் போதவில்லை என்று கிளட்ச் தட்டுகளை வேறு அலமாரிக்கு மாற்றினார், பதிவேட்டில் எழுதவில்லை. பதிவேடு இரண்டாம் அலமாரி என்று சொன்னது. இரண்டாம் அலமாரியோ காலியாகப் பல்லிளித்தது. ஒரு பஸ் அரை நாள் நின்றது. இந்தக் கதையை அவர் வீட்டில் சொல்லாத வாரமே கிடையாது. மனைவிக்கு மனப்பாடம். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பொறுமை அதிகம்.

வீட்டில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் போட்டோக்களை அடுக்கி வைக்க ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தார். ஆள் பேர், வருஷம், இடம் என்று எப்படிக் கேட்டாலும் எடுத்துக் காட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவரே குறிப்பு எழுதுவார். எழுதுவது கிடங்கு பாஷையில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, தன் பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அத்தான், பையன் பிறந்ததுலேருந்து ஸ்கூல் சேர்ற வரைக்கும் எல்லாப் படமும் இதுலதான் இருக்கு. காப்பி பண்ணி வையுங்க.”

“எங்கிட்ட வந்த பொருள் எங்கேயும் போகாது” என்றார் இவர்.

அடுத்த மாதமே அந்த போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. ஆக, உலகத்தில் அந்தப் படங்கள் இருந்த ஒரே இடம் இந்தக் கம்ப்யூட்டர்தான். பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது, குரல் உடைந்துகொண்டிருக்கிறது. “சின்னப்புள்ளையில எப்படி இருந்தான்னு எனக்கே மறக்குதுக்கா” என்று மச்சினி போனில் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் படங்களை வாங்கிப் போக வருகிறாள்.

அன்று ஒன்பது மணிக்கு ஸ்டோர்காரர் கம்ப்யூட்டரைத் திறந்தார். எல்லாப் படங்களும் சின்னதாக, மங்கலாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி. பெரிதாக்கப் பார்த்தால், ‘மூலப் படம் கிடைக்கவில்லை’ என்றது.

அவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வயர்களைப் பிடுங்கிச் செருகினார். திரையை ஈரத் துணியால் துடைத்தும் பார்த்தார். கேள்விக்குறிகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன.

டெப்போவில் கம்ப்யூட்டர் பார்க்கும் கிளார்க்கைப் போனில் பிடித்தார்.

“கிடைக்காததையெல்லாம் லிஸ்ட்லேருந்து நீக்கிடுங்க சார். சுத்தமா ஆயிடும்” என்றார் கிளார்க். அவர் வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டால் ஸ்டோர்காரருக்குக் கை நிற்காது. ‘நீக்கு’ வரைக்கும் மவுசைக் கொண்டுபோய்விட்டார்.

“நில்லுங்க, நில்லுங்க!” மனைவி டீயோடு வந்தாள். “எதை நீக்கறீங்க? பேரு, குறிப்புன்னு ரெண்டு வருஷமா எழுதினதெல்லாம் அதோட போயிடாதா?”

அவர் விரலை எடுத்தார். மனைவி கண்ணாடிக் கடையில் கேட்பது போலவே கேட்டாள். “எப்பலேருந்து இப்படித் தெரியுது?”

“போன ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு.”

“அதுக்கப்புறம் யாரு கை வச்சது?”

“யாரும் இல்ல. நான்தான் புதன்கிழமை கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்.”

“ஒழுங்கா இருந்ததையா?”

“எங்க ஒழுங்கு? ‘புது ஃபோல்டர் 2’, ‘புது ஃபோல்டர் 2 மறுபடியும்’னு பேரு இருந்தா எவனுக்குப் புரியும்? சாஃப்ட்வேருக்கு வெளிய, நேரா டிஸ்குக்குள்ள போயி எல்லாத்தையும் அலமாரி வாரியா மாத்தி நம்பர் போட்டேன்.”

“மாத்துனதை இந்தப் புரோகிராம்கிட்ட சொன்னீங்களா?”

“அதுகிட்ட எதுக்குச் சொல்லணும்?”

மனைவி டீயை மெதுவாக மேசையில் வைத்தாள். “ஏங்க, அந்தக் கிளட்ச் தட்டு கதைய இன்னொரு தரம் சொல்லுங்களேன்.”

“இப்ப எதுக்கு அது? எனக்குப் பதிலா வந்த ஆளு தட்டையெல்லாம் வேற அலமாரிக்கு மாத்திட்டு, பதிவேட்டுல…”

அதோடு நின்றுவிட்டார். முகத்தில் அசடு வழிந்தது.

“பதிவேட்டுல?” என்றாள் மனைவி, விடாமல்.

“ஆனா நான் எழுதி வச்சிருக்கேன்!” டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பழைய பேர் இடப்பக்கம், புது எண் வலப்பக்கம், நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு.

“நல்லா எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர் டிராயரைத் திறந்து படிச்சுக்கணுமாக்கும்.”

கேள்விக்குறியை மவுசின் வலது பொத்தானால் அழுத்தினால் ‘இருக்கும் இடத்தைக் காட்டு’ என்று ஒரு வரி வந்தது. மச்சினி பையனின் படங்கள் மொத்தம் ஒன்பது ஃபோல்டர். மனைவி நோட்டைப் பார்த்துப் படிக்க, அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கேள்விக்குறிகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. எட்டு முடிந்தது. ஒன்பதாவது, பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்தவை. அது மட்டும் நோட்டில் இல்லை.

“இது எங்கங்க?”

“அதுலதான் முதல்ல வெள்ளோட்டம் பார்த்தேன்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அப்ப நோட்டு போடலை.”

வாசல் மணி அடித்தது.

மச்சினி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். “என்ன அத்தான், என் பையன் பத்திரமா இருக்கானா?”

“பத்திரமா இருக்கான்” என்றாள் அக்கா. “எங்க இருக்கான்னுதான் தெரியலை.”

விஷயத்தைக் கேட்டதும் மச்சினியின் சிரிப்பு பாதியில் நின்றது. “அக்கா, பிறந்த அன்னிக்கு எடுத்ததா? அது வேற யாருகிட்டயும் கிடையாதே.” அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டோர்காரர் தலை நிமிரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் கேட்ட பொருள் ஒன்று அலமாரியில் இல்லாமல் போனது அன்றுதான்.

அவர் கம்ப்யூட்டரில் திறந்து கிடந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார். கடைசி ஜன்னலும் மூடியதும் வெறும் திரை தெரிந்தது. மச்சினி குனிந்து பார்த்தாள்.

“அத்தான், குப்பைத்தொட்டி படத்துக்குப் பக்கத்துல ‘சோதனை’ன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?”

திறந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எல்லோரையும் திட்டுவது போல அழுதது.

மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, இருக்கும் இடத்தை சாஃப்ட்வேருக்கும் காட்டியபோது, படத்துக்குக் கீழே அவர் எப்போதோ எழுதிய குறிப்பு வந்து நின்றது: ‘ஆண் குழந்தை. எண்ணிக்கை 1. நிலை: புத்தம் புதியது.’ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சிரித்தே விட்டாள்.

படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கொடுத்த கையோடு நோட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். “வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போடும்மா.”

“அத்தான்!”

“முறைன்னா முறைதான்.”

மனைவி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். “அவ கையெழுத்து அப்புறம். முதல்ல அந்த ‘சோதனை’ எங்க இருந்துச்சுன்னு நீங்க இதுல எழுதுங்க. எழுதினாத்தான் ஆறிப்போன டீயைச் சுட வச்சுத் தருவேன்.”

ஸ்டோர்காரர் பேனாவைத் தேடினார். அது மட்டும் அதன் இடத்தில் சரியாக இருந்தது.