ஜன்னல் கண்ணாடியும் ஆல்வினின் எலும்பும்

ரோஸ்விதா ராப் இருபத்திரண்டு வருஷம் ரொய்ட்லிங்கன் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரையும் அவர் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. எதிரே போய் நிற்பார், புன்னகைப்பார், காத்திருப்பார். டிக்கெட் இல்லாத ஆசாமி தானாகவே பேச ஆரம்பித்து, பை பையாகத் தடவி, அடுத்த நிறுத்தத்துக்குள் தன் கதையைத் தானே முடித்துக்கொள்வார். ஓய்வுக்குப் பிறகு இந்தத் திறமை சும்மா கிடந்தது. எங்கள் கட்டடத்தில் அவர் வீட்டுக்கு மேல் வீட்டில் கெரோல்ட் எபர்லே குடியிருந்ததால் அது வீண்போகவில்லை.

எபர்லே ஊர்வன வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். முப்பது வருஷம் பாம்பு வளர்த்தவர். போன வருஷம்தான் பச்சோந்திக்கு மாறினார். மாறிய மறுவாரமே அதிலும் நிபுணராகிவிட்டார். ஆறு குஞ்சுகள் இருந்தன. அதில் ஒன்றை ஜனவரியில் ரோஸ்விதாவிடம் கொடுத்தார்.

“குழந்தை மாதிரிங்க, ஃப்ராவ் ராப். ஒரு தொந்தரவும் கிடையாது. நம்ம வீட்டுல வளர்ந்தது.”

“சாப்பாடு?”

“வெட்டுக்கிளி போடுங்க. நாக்கை நீட்டிப் பிடிச்சுக்கும். நீங்க வேடிக்கை பார்த்தா போதும்.”

ரோஸ்விதா அதற்கு ஆல்வின் என்று பெயர் வைத்து வேடிக்கை பார்த்தார். ஆல்வின் ஒரு கண்ணால் வெட்டுக்கிளியையும் மறு கண்ணால் ரோஸ்விதாவையும் பார்த்தது. நகரமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே வாய்த்தது என்று நான் நினைத்திருந்த பார்வை அது. நாக்கு வெளியே வந்தது, பாதி வழியில் நின்றது, ஈரக் கயிறு மாதிரித் தொங்கியது. வெட்டுக்கிளி நிதானமாக நடந்து போனது. இரண்டாவது வாரம் ஆல்வினின் முன்கால்கள் வில்லாக வளைந்தன. கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே விழுந்து, சாம்பல் நிறத்தில் தரையிலேயே கிடந்தது. பச்சோந்தி நம்மை ஏமாற்றத்தான் நிறம் மாறுகிறது என்பவர்கள், உடம்பு சரியில்லாத பச்சோந்தியைப் பார்த்ததே கிடையாது.

கால்நடை மருத்துவர் க்னாப் அம்மா எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம் மாதிரி ஏதோ தெரிந்தது.

“இது எலும்பா, வெந்த நூடுல்ஸா?” என்றார் டாக்டர். “பொறந்ததுலேர்ந்து புற ஊதா விளக்கு இது மேல பட்டிருக்கா?”

“விளக்கே இல்லைங்க. ஜன்னலோரமா வெச்சு வளர்க்கறாரு. தெருவுலேர்ந்து பார்த்தாலே தெரியும், வரிசையா பெட்டி.”

“ஜன்னல் மூடியிருக்குமா?”

“ஜனவரி மாசம் நம்ம ஊர்க் கஞ்ச ஸ்வாபியன் எவன் ஜன்னலைத் திறந்து வெப்பான்? உள்ள இருக்கற சூடு வெளிய போயிடாதா?”

“அப்ப வெயில் வரும், வெளிச்சம் வரும். எலும்புக்கு வேண்டியது மட்டும் கண்ணாடியிலேயே நின்னுடும். புதுசா வளர்க்கறவங்க படிக்கற முதல் பக்கத்துலயே இது இருக்கு.”

அன்றிலிருந்து ரோஸ்விதாவின் நாட்கள் ஆல்வினுக்காக ஓடின. கூண்டின் வலைக்கு மேல் நேராக எரியும் விளக்கு. வாயோரமாகச் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்புச் சத்து மருந்து. இலைகளில் நீர்த்துளி, ஏனென்றால் ஆல்வின் கிண்ணத்துத் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது. வெட்டுக்கிளியை வெள்ளைப் பொடியில் புரட்டி, இடுக்கியில் பிடித்து, அது வாய் திறக்கும்வரை கையை அசைக்காமல் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷங்களில் எபர்லேயை என்ன செய்வது என்று அவர் யோசித்தார்.

மேலே போய்க் கதவைத் தட்டிக் கத்தலாம். கத்தினால் அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்துவார். சங்கத்தில் பழையபடி நிபுணராகவே உட்கார்ந்திருப்பார். ரோஸ்விதாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பிராணியை நான்தான் கெடுத்தேன் என்று அவர் வாயால், அவருடைய ஆட்களுக்கு முன்னால் அவர் சொல்ல வேண்டும்.

சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். உருளைக்கிழங்கு சாலட் செய்து எடுத்துப் போனார். பிப்ரவரிக் கூட்டத்தில் எழுந்து, “ஹெர் எபர்லே விளக்கே இல்லாம பச்சோந்தி வளர்க்கறாரு. அடுத்த மாசம் அதைப் பத்தி அவரே பேசினா எங்களை மாதிரிப் புதுசுங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்றார். எபர்லேயின் முகம் மலர்ந்த மலர்ச்சி ஆல்வினுக்கு எந்த நிறத்திலும் வராது.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை, சங்கம் கூடும் விடுதியின் பின்னறையில் முப்பது பேர். திரையில் எபர்லேயின் தெற்கு ஜன்னல்.

“சூரியன் இருக்கறப்ப விளக்கு எதுக்கு? நம்ம தாத்தாக்கள் எல்லாம் விளக்கு போட்டா வளர்ந்தாங்க?” என்றார் எபர்லே. இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஜன்னலைத் திறந்து வெப்பீங்களா?” என்று பின்னாலிருந்து ஓர் ஆமைக்காரர் கேட்டார்.

“குளிர்காலத்துலயா? உங்களுக்கென்ன பைத்தியமா?”

“அப்ப கண்ணாடிக்குப் பின்னாலயே?”

“கண்ணாடிக்குப் பின்னாலதான்! ஆறு மாசமா!”

யாரோ பீர் கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தார். எபர்லே சிரித்த வாயோடு நின்றார், பேருந்தில் சட்டைப்பை காலியாகிவிட்ட மனிதர் மாதிரி. ரோஸ்விதா எழுந்து போய், எக்ஸ்ரே படத்தை ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தார்.

“இது நீங்க கொடுத்ததுதான். ஒரு தொந்தரவும் கிடையாதுன்னீங்களே.”

எபர்லே கிட்டே வந்து பார்த்தார். “எனக்குத் தெரியாது” என்றார். “பாம்புக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. நான்... ஆமா. நான்தான் கெடுத்துட்டேன்.”

வந்துவிட்டது. ரோஸ்விதா விட்டாரா? “குறிப்புல எழுதுங்க. செயலாளர் நீங்கதானே?”

அங்கே கூட்டத்தில் பேசியது எதுவானாலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும்; அடுத்த மாதம் செயலாளர் அதை வாசிக்க, எல்லோரும் ஒப்ப வேண்டும். எபர்லே பேனாவை எடுத்தார். அந்த அறையில் அதை எழுதும் உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

அப்போது சங்கத் தலைவி ஹாய்ஸ்லர் எக்ஸ்ரேயின் மூலையை உற்றுப் பார்த்தார். “ஃப்ராவ் ராப், இதுல ஜனவரி இருபத்தஞ்சுன்னு தேதி போட்டிருக்கே?”

“ஆமா.”

“மேல மாடியில இன்னும் அஞ்சு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“நாலு” என்றார் எபர்லே, எழுதுவதை நிறுத்தாமல். “ஒண்ணு போன வாரம் செத்துப்போச்சு.”

ரோஸ்விதா உட்கார்ந்துகொண்டார். மிச்சமிருந்த நான்கையும் விளக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் அன்றே வீட்டுக்கு எடுத்துப் போவது என்று ஒருமனதாக முடிவானது. ரோஸ்விதா அன்றும் கொண்டுபோயிருந்த சாலட் கிண்ணம் தொடப்படாமல் திரும்பி வந்தது.

ஏப்ரல் கூட்டத்துக்கு ரோஸ்விதா வரமாட்டார் என்று பந்தயம் கட்டியவர்களில் நானும் ஒருவன். முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். எபர்லே எழுந்து, ஒரு சொல்லையும் விழுங்காமல், தன் குற்றத்தைத் தன் கையெழுத்திலிருந்தே வாசித்தார்: ஆறு குஞ்சுகள், மூடிய ஜன்னல், அறியாமை, வளைந்த கால்கள். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

“உறுப்பினர் ராப் இதை ஐந்து வாரங்களாக அறிந்திருந்தார். எனக்குத் தெரிவிக்க அவர் ஏற வேண்டியிருந்தது பன்னிரண்டு படிகள்.”

“திருத்தம் ஏதாவது உண்டா?” என்று கேட்டார் தலைவி.

ரோஸ்விதா கையை உயர்த்தினார்.

“பதினாலு படி” என்றார்.

எபர்லே பன்னிரண்டை அடித்துப் பதினான்கு என்று எழுதினார். எல்லோரும் கை தூக்கி ஒப்பினார்கள்.